கோட்டையின் செருப்புக் கல்

செஞ்சிக் கோட்டையில் ராஜகிரி மலைக்கு ஏறும் படிகளின் அடியில் தட்டையான ஒரு பாறாங்கல் கிடக்கிறது. முன்பு ஏதோ ஒரு மண்டபத்தின் கூரைக்கல்லாக இருந்திருக்க வேண்டும். ஓரத்தில் தாமரை இதழ் செதுக்கியிருக்கிறது. நாங்கள் அந்த ஊரில் குடியிருந்த யுத்த காலத்தில் அது செருப்பு வைக்கிற கல். மலையில் பாதி வழியில் அம்மன் கோயில் இருப்பதால் யாரும் செருப்புக் காலோடு படியேறுவதில்லை. சாயபுமார்களும் எங்களைப் போன்ற வேதக்காரக் கிறிஸ்தவர்களும்கூட அந்தக் கல்லில் கழற்றி வைத்துவிட்டுத்தான் ஏறுவார்கள்.

கோட்டைக்குள் மற்ற இடங்களில் இந்தக் கட்டுப்பாடு கிடையாது. நெற்களஞ்சியத்திலும் குதிரை லாயத்திலும் கல்யாண மகாலிலும் செருப்போடு திரியலாம். கீழே இருக்கும் பெரிய பெருமாள் கோயிலிலும் அப்படித்தான். அங்கே கருவறை இருட்டாக, காலியாக இருக்கும். நல்ல தூண்களையெல்லாம் பிரெஞ்சுக்காரர்கள் பெயர்த்து வண்டியேற்றிப் புதுச்சேரிக்குக் கொண்டுபோனார்கள் என்று ஊரில் சொல்வார்கள். சாமி எப்போது போனது என்று கேட்டால் ஆளுக்கொரு பதில் வரும். சாமி இல்லாததால் ஊருக்கு அது கோயில் அல்ல, மழைக்கு ஆடு மடக்குகிற இடம்.

சர்க்கார் போட்ட காவல்காரர் ஒருவர் இருந்தார். சாயங்காலம் வாசலைப் பூட்டுமுன் அவர் மலையேறிப் பார்ப்பதில்லை. கல்லைத்தான் பார்ப்பார். கல்லில் செருப்பு இருந்தால் மேலே ஆள் இருக்கிறது என்று கணக்கு. கையைக் குவித்து ஒரு குரல் கொடுப்பார். கல் காலியாக இருந்தால் சாவியை எடுத்துவிடுவார். ஊரில் பலருக்குச் செருப்பே கிடையாதே, அவர்களை எப்படித் தெரிந்துகொள்வீர்கள் என்று என் வீட்டுக்காரர் ஒருமுறை கேட்டார். "செருப்பு இல்லாதவன் உள்ளூர்க்காரன் சார். அவனுக்கு வழி தெரியும்" என்றார் காவல்காரர். அந்த நேரத்தில் எங்களுக்கு அது சரியான பதிலாகத்தான் பட்டது.

நான் பெண்கள் ஆரம்பப் பள்ளியில் டீச்சர். என் வீட்டுக்காரர் ரெவினியூ இலாகாவில் வேலை. மாதத்தில் பாதி நாள் கேம்ப். எங்களுக்கு ஒரே பெண். அப்போது அவளுக்குப் பதின்மூன்று வயது.

வகுப்பில் சரித்திரமும் நான்தான் எடுத்தேன். பாடப்புத்தகத்தில் செஞ்சிக்கு ஒரு பத்திதான். நாயக்கர், பீஜப்பூர், மராட்டியர், மொகலாயர், பிரெஞ்சுக்காரர், ஆங்கிலேயர் என்று பெயர்கள் வரிசையாக நிற்கும். பிள்ளைகளுக்கு அது போதவில்லை. "டீச்சர், ராஜா குதிரைய எந்த லாயத்துல கட்டினாரு?" என்று கேட்பார்கள். சின்ன வயதில் குதிரைமேல் சண்டைக்குப் போய்ச் செத்த ராஜாவையும், அவருக்குப் பின்னால் தீயில் இறங்கிய ராணியையும் பற்றி அவர்களுக்கு என்னைவிட அதிகம் தெரியும். ராணி தீக்குளித்தது குளத்தங்கரையில் என்பாள் ஒருத்தி. இன்னொருத்தி, இல்லை, ஊருக்கு வெளியே என்பாள். அவரவர் ஆயா பாட்டி சொன்னதுதான் ஆதாரம். நான் இரண்டையும் மறுக்கமாட்டேன், ஒப்புக்கொள்ளவும் மாட்டேன். வீட்டுக்காரரைக் கேட்டால், "நம்ம ரிக்கார்டுல அது புறம்போக்கு மலை, அவ்வளவுதான்" என்பார்.

அன்று சனிக்கிழமை. சீத்தாப்பழம் பழுக்கிற பருவம். கோட்டைப் பாறை இடுக்குகளிலெல்லாம் சீத்தாமரம்தான். என் பெண்ணும் பக்கத்து வீட்டுப் பெண்ணும் மத்தியானம் சாப்பிட்டுவிட்டுப் பழம் பறிக்கப் போனார்கள். என் பெண் பச்சைப் பாவாடை கட்டியிருந்தாள். புதுச் செருப்பு போட்டிருந்தாள். தோலெல்லாம் பட்டாளத்துக்குப் போகிறது என்று சொல்லித் திண்டிவனத்தில் பல நாள் அலையவிட்டுத் தைத்துக் கொடுத்த செருப்பு. நடந்தால் கிறீச் கிறீச்சென்று சத்தம் வரும். வீட்டுக்குள் அவள் எந்த மூலையில் இருக்கிறாள் என்பது அடுப்படியில் இருந்தே எனக்குத் தெரியும். அந்தச் சத்தம் எனக்குப் பிடித்திருந்தது.

வெயில் சாய்ந்த பிறகு பக்கத்து வீட்டுப் பெண் மட்டும் மடி நிறையப் பழத்தோடு வந்தாள்.

"அவ எங்கடி?"

"பின்னால வர்றேன்னா டீச்சர். பெருமாள் கோயிலு கோபுரத்துல பொம்மை பாக்கணும்னா. நான் எத்தினி வாட்டி பாத்தது, அதான் வந்துட்டேன்."

"எப்போ?"

"அப்பவே."

அவள் 'அப்பவே' என்றால் இப்போதாகவும் இருக்கலாம், காலையாகவும் இருக்கலாம். என் வீட்டுக்காரர் பனமலைப் பக்கம் ஏரி அளக்கக் கேம்ப் போயிருந்தார். கதவைச் சாத்தினேனா என்றுகூட நினைவில்லை. வெறுங்காலோடு கோட்டைச் சாலையில் நடக்க ஆரம்பித்துவிட்டேன். திருவண்ணாமலையில் இருந்து வந்த பெட்ரோலுக்குப் பதில் கரியில் ஓடும் கரிவண்டி பஸ் புகையைக் கக்கிக்கொண்டு என்னைத் தாண்டிப் போனது. அதற்குள்ளும் எட்டிப் பார்த்தேன். ஏன் பார்த்தேன் என்று தெரியவில்லை. அவள் பஸ்ஸில் வர ஒரு காரணமும் இல்லை.

முதலில் பெருமாள் கோயிலுக்குத்தான் போனேன். கோபுர வாசலில் நின்று கூப்பிட்டேன். முற்றத்தில் ஆடுகள் தலைதூக்கிப் பார்த்தன. தூண்களுக்கிடையில் சீத்தாப்பழத் தோலும் கொட்டைகளும் கிடந்தன. பழம் தின்றவள் இவளா வேறு யாராவதா என்று தோலைப் பார்த்து எப்படிச் சொல்வது? அதையும் குனிந்து பார்த்தேன். பக்கத்துப் பள்ளிவாசலிலும் பார்த்தேன். அங்கும் தொழுகை நின்று நாளாகிவிட்டது. வெறும் புறாச் சத்தம்தான்.

அங்கிருந்து ராஜகிரிப் படிக்கு ஓடினேன். கல்லின் மேல் அந்தச் செருப்பு இருந்தது. இரண்டும் ஒழுங்காக, பக்கத்தில் பக்கத்தில். வேறு செருப்பே இல்லை. காவல்காரர் கையில் சாவியோடு அதைப் பார்த்துக்கொண்டு நின்றிருந்தார்.

"இந்தச் செருப்பு நம்ம பொண்ணுதா டீச்சரம்மா? நானும் அப்பத்துலேர்ந்து சத்தம் குடுத்துக்கினே இருக்கிறேன். எறங்கல."

"கோயிலுக்குப் போறேன்னு சொன்னாளாம்."

"சொன்னது இன்னா இருந்தா இன்னாம்மா? செருப்பு இங்க இருக்குது. ஆளு மேலதான் இருக்குது."

எனக்கும் அதற்குமேல் சந்தேகம் வரவில்லை. பக்கத்து வீட்டுப் பெண் சொன்னது வெறும் பேச்சு, செருப்பு கண்முன்னே இருக்கிறது. குரல் கொடுத்தும் இறங்கவில்லை என்பது மட்டும்தான் என் தலையில் சுற்றியது. செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டேன். அங்கேயே வைத்துவிட்டுப் போக மனம் வரவில்லை.

புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு ஏறினேன். காவல்காரர் எனக்கு முன்னால் ஏறினார். அவர் எத்தனையோ வருஷமாகத் துரைமார்களுக்கும் அதிகாரிகளுக்கும் கோட்டையைச் சுற்றிக்காட்டிப் பழகியவர். கால் ஒரு இடத்துக்கு வந்தால் வாய் தானாகப் பேசும் போலிருக்கிறது.

"இதாம்மா மூணாவது வாசலு. எதிரி யானைய உட்டு முட்டுனா திரும்ப எடம் இருக்கக் கூடாதுன்னு இப்படி வளைச்சு..."

"என் பொண்ணப் பாக்கணும்யா."

"பாத்துக்கினேதாம்மா சொல்றேன்."

அவர்மேல் கோபம் வந்தது. ஆனால் அவர் பேச்சை நிறுத்தியபோது அதைவிடப் பயமாக இருந்தது. அம்மன் கோயில் முன்னால் அவர் நின்று கும்பிட்டார். நான் என்ன செய்வதென்று தெரியாமல் மாதாவைக் கூப்பிட்டேன். கூப்பிட்ட குரல் அம்மன் சந்நிதியைப் பார்த்துத்தான் போனது. என் கையில் செருப்பு இருந்ததைப் பார்த்துவிட்டு அவர் முகத்தைத் திருப்பிக்கொண்டார். அந்தப் படியில் செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு போகலாமா கூடாதா என்பது அதுவரை யாருக்கும் எழாத கேள்வியாக இருந்திருக்க வேண்டும்.

உச்சிக்கு முன்னால் பாறை பிளந்து கிடக்கிற இடம் ஒன்று உண்டு. அதன்மேல் மரப்பாலம். பழைய காலத்தில் பாலத்தை எடுத்துவிட்டால் எந்தப் படையாலும் மேலே போக முடியாதாம். நான் பாலத்தின்மேல் முழங்காலிட்டுப் பலகை இடுக்கு வழியாகக் கீழே பார்த்தேன். இருட்டில் பச்சையாக ஏதோ தெரிந்தது. பாவாடை என்று நினைத்தேன். பிறகு அது அசைந்தது, செடி. பிறகு செடிதானா என்று திரும்பப் பார்த்தேன். காவல்காரர் என் தோளைத் தொடத் தயங்கி, புடவைத் தலைப்பின் நுனியைப் பிடித்து இழுத்தார்.

"எழுந்திருங்கம்மா. அது சப்பாத்திக்கள்ளி. போன வருசமும் அங்கதான் இருந்துது."

மேலே களஞ்சியம் போல வளைகூரை போட்ட ஒரு கட்டடம். வாசலில் நின்று மகள் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டேன். உள்ளே இருந்து என் குரல் பலமுறை திரும்பி வந்தது. அதன் கடைசியில், மெல்லிசாக, "அம்மா" என்று கேட்டது.

"உள்ள இருக்கிறா" என்றேன்.

"அது கட்டடம் பேசுதும்மா. நாம கூப்புட்டா அதுவும் கூப்புடும்."

"நான் அவ பேரத்தான் கூப்பிட்டேன். அம்மான்னு கூப்பிடல."

அவர் என்னை ஒரு மாதிரி பார்த்துவிட்டு உள்ளே போனார். நானும் போனேன். சுவரைக் கையால் தடவிக்கொண்டு கடைசிவரை நடந்தோம். வௌவால் நாற்றம் தவிர ஒன்றும் இல்லை. அந்த 'அம்மா' எங்கிருந்து வந்தது என்று இன்றுவரை எனக்குத் தெரியாது.

வெளியே வந்து மதில் ஓரமாக நின்றேன். கீழே எல்லாம் மிகச் சின்னதாகத் தெரிந்தது. கல்யாண மகால் அடுக்கி வைத்த பெட்டிகள் மாதிரி. யானைக்குளம் கைக்கண்ணாடி மாதிரி. எட்டத்தில் கிருஷ்ணகிரிமேல் கொஞ்சம் வெயில் மிச்சமிருந்தது. எத்தனை பேர் இந்த மதிலில் நின்று யாரோ வருகிறார்களா என்று பார்த்திருப்பார்கள் என்று வேறு நாளாக இருந்தால் நினைத்திருப்பேன். அன்று எனக்குப் பச்சை நிறம் ஒன்றுதான் வேண்டியிருந்தது. பெருமாள் கோயில் முற்றத்தில் ஒரு சின்ன உருவம் குனிந்து குனிந்து நடந்துகொண்டிருந்தது. ஒவ்வொரு தூணுக்கும் பின்னால் போய் வந்தது. நிறம் தெரியவில்லை.

"அதோ, அது யாரு?"

"ஆட்டுக்காரி. புழுக்கை பொறுக்கிக்கினு இருக்குது."

"சின்னப் பிள்ளை மாதிரி இருக்கே."

"இங்கேர்ந்து பாத்தா கலெக்டரே சின்னப் பிள்ளைதாம்மா."

என்னையறியாமல் எனக்குச் சிரிப்பு வந்தது. அழுகையும் கூடவே வந்தது. அந்த உருவத்தை நோக்கி ஒருமுறை கத்திக் கூப்பிட்டேன். அது நிமிரவில்லை. கையில் மகளுடைய செருப்பு இருந்தது. செருப்பு மலைப்படியில் இருந்தது, ஆகவே அவள் மலையில்தான் இருக்க வேண்டும். அந்த உருவத்தை விட்டுவிட்டு நாங்கள் மலைமேல் இருந்த கோயிலையும் மணிக்கூண்டையும் பீரங்கி மேட்டையும் சுற்றினோம். அவள் இல்லை.

வெளிச்சம் குறைந்துகொண்டே வந்தது. கீழே போய் ஆட்களையும் பந்தத்தையும் கூட்டி வரலாம் என்றார் காவல்காரர். இறங்கும்போது அவர் ஒன்றும் பேசவில்லை. பாறைகளுக்கு இடையில் இருக்கும் ஒரு பள்ளத்தைப் பற்றி, அந்தக் காலத்தில் கைதிகளை அதற்குள் தள்ளிவிட்டுப் பட்டினியாகச் சாகவிடுவார்கள் என்று அவர் எல்லோருக்கும் சொல்வது வழக்கம். அந்தப் பள்ளம் இருக்கும் குளத்துப் பக்கம் திரும்பும்போது அதை நினைத்துக்கொண்டார் என்பது எனக்குப் புரிந்தது. நானும் அதைத்தான் நினைத்துக்கொண்டிருந்தேன். படிகளில் என் மனசு அவளை எப்படியெல்லாம் கண்டுபிடித்தது என்று எழுத எனக்கு இப்போதும் கை வரவில்லை. கிடத்திய நிலையில்தான் ஒவ்வொரு முறையும் கண்டுபிடித்தேன். பச்சைப் பாவாடை, பின்னிய சடை, அசையாத கால்.

அடிப்படிக்கு வந்தபோது செருப்புக் கல்லின்மேல் ஒரு பெண் உட்கார்ந்திருந்தாள். தலை அவிழ்ந்து கிடந்தது. பாவாடையைக் களையெடுக்கிறவர்களைப் போல முழங்காலுக்குமேல் தூக்கிச் செருகியிருந்தாள். முழங்கால்வரை குளத்துச் சேறு. வெறுங்கால். ஏதோ கூலிக்காரர் வீட்டுப் பிள்ளை என்றுதான் நினைத்தேன்.

"பாப்பா, நீ எவ்வளவு நேரமா இங்க இருக்கிற? பச்சைப் பாவாடை கட்டின ஒரு பொண்ணு எறங்கினதப் பாத்தியா?"

அந்தப் பெண் என்னையே பார்த்தாள்.

"என் பொண்ணு. சடை பின்னியிருக்கும். உன் வயசுதான் இருக்கும்."

"அம்மா" என்றாள்.

"ஆமா, அவ அம்மாதான். பாத்தியா நீ?"

அவள் முகம் கோணியது. காவல்காரர்தான் என் கையைப் பிடித்து நிறுத்தினார். ஊரில் ஒரு ஆண் ஒரு டீச்சரின் கையைப் பிடிப்பது நடக்கிற காரியம் அல்ல. "டீச்சரம்மா, நல்லாப் பாருங்க. இதாம்மா உங்க பொண்ணு" என்றார்.

அதற்குப் பிறகு பார்த்தேன். பிறகு தெரிந்தது. பிறகுதான் தெரிந்தது. அவள் அழுதுகொண்டே முதலில் சொன்னது, "அம்மா, செருப்பு தொலஞ்சு போச்சும்மா" என்பது. அது என் கையில் இருந்தது.

வெளி வாசலில் ஆடுகளைத் திரட்டிக்கொண்டிருந்த ஆட்டுக்காரி எல்லாவற்றையும் கேட்டுவிட்டு எங்கள் முன்னால் வந்து நின்றாள். நாற்பது வயது இருக்கும். வெற்றிலையைத் துப்பிவிட்டுப் பேசினாள்.

"அந்தச் செருப்பா? நான்தான் கொண்டாந்து கல்லாண்ட வச்சேன். கோயிலு வாசப்படியில கெடந்துது. எவளோ மறந்து போயிட்டான்னு நெனச்சேன். காணாப்போன செருப்பக் கல்லுமேல வக்கிறதுதான வழக்கம்."

"அவ உள்ள இருந்தாளே, உள்ள பாக்கலையா?" என்று கேட்டேன்.

"உள்ள இருக்கிறவ எதுக்கும்மா வெளிய கழட்டி வக்கிறா? சாமி இல்லாத கோயில்ல எவ செருப்பக் கழட்டுவா? என் ஆடே கழட்டாது."

காவல்காரர் சிரித்துவிட்டார். பிறகு வாயைப் பொத்திக்கொண்டார்.

கழற்றச் சொன்னது நான். எங்கள் கிராமத்து மாதா கோயிலில் வாசலில் கழற்றிவிட்டுத்தான் உள்ளே போவோம். யாருடைய கோயிலாக இருந்தாலும், சாமி இருந்தாலும் இல்லாவிட்டாலும், ஒரு காலத்தில் கும்பிட்ட இடம் என்றால் கழற்ற வேண்டும் என்று அவளுக்குச் சொல்லி வளர்த்தேன். அவள் அப்படியே செய்தாள். பழத்தைத் தின்றுவிட்டு, சிற்பங்களைப் பார்த்துவிட்டு வெளியே வந்தால் செருப்பு இல்லை. குரங்கு தூக்கிக்கொண்டு போயிற்று என்று முடிவு செய்து, கல்யாண மகால் மேலே ஏறிப் பார்த்து, குளத்தில் இறங்கித் துழாவி, கடைசியில்தான் கல்லின் நினைவு வந்து அங்கே வந்திருக்கிறாள். அதற்குள் நான் செருப்பை எடுத்துக்கொண்டு உச்சியில் இருந்தேன். ஆட்டுக்காரி செய்ததில் தப்பு இல்லை. காவல்காரரின் கணக்கும் எல்லா நாளும் சரியாக வந்த கணக்குதான். யார்மேல் கோபப்படுவது என்று தேடிப் பார்த்தேன், கிடைக்கவில்லை.

ஒன்று மட்டும் சரியாக வரவில்லை. நான் உச்சியில் இருந்து பார்த்தபோது முற்றத்தில் குனிந்து தேடிக்கொண்டிருந்தது யார்? ஆட்டுக்காரி, தான் அப்போது ஆட்டைக் குளத்துக்கு ஓட்டிப் போய்விட்டதாகச் சொன்னாள். என் பெண்ணைக் கேட்டால், செருப்பு காணாமல் போனபின் கோயிலுக்குள் திரும்பப் போகவே இல்லை என்கிறாள். ஒருமுறை, போனேனோ என்னவோ என்றாள். அடுத்த முறை கேட்டபோது, "நீங்க கேட்டுக் கேட்டு எனக்கே மறந்து போச்சும்மா" என்றாள். நான் அப்போதே அந்த உருவத்தை நம்பி இறங்கியிருந்தால் என்று எத்தனையோ முறை யோசித்தேன். அது அவள்தானா என்றே தெரியாதபோது அந்த யோசனைக்கும் அர்த்தம் இல்லை.

அடுத்த வாரத்துக்குள் ஊர் இதை எடுத்துக்கொண்டது. டீச்சர் பெண் கைதிப் பள்ளத்தில் விழுந்தாள், அம்மன் கைகொடுத்துத் தூக்கினாள் என்றார்கள். இல்லை, ராணியே வந்து கூட்டி வந்து கல்லில் உட்கார வைத்தாள் என்றார்கள். திண்டிவனம் பஸ்ஸில் கண்டக்டர் வெளியூர்க்காரர் ஒருவருக்கு மலையைக் காட்டி இதைச் சொல்லிக்கொண்டு வந்தார். அந்தப் பெண்ணின் தாய் அன்று முதல் பேச்சு இழந்துவிட்டாள் என்றும் சொன்னார். நான் பின் இருக்கையில் உட்கார்ந்திருந்தேன். மறுத்துப் பேச வாய் திறந்தேன். எதை மறுப்பது, எதை ஒப்புக்கொள்வது என்று புரியவில்லை. டிக்கெட்டை மட்டும் வாங்கிக்கொண்டேன். வகுப்பில் ஒரு பெண் எழுந்து, "டீச்சர், உங்க பொண்ண உண்மையாவே ராணிதான் இட்டாந்தாங்களா?" என்று கேட்டாள். புத்தகத்தில் இல்லை, உட்கார் என்றேன்.

என் வீட்டுக்காரர் கேம்ப்பில் இருந்து திரும்பியதும் மகளே அவரிடம் கதையைச் சொன்னாள். என் குரலை அப்படியே பேசிக் காட்டினாள். "பாப்பா, என் பொண்ணப் பாத்தியா?" அவர் சிரித்துச் சிரித்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டார். "உங்கம்மாவுக்குக் கண்ணாடி வாங்கணும்" என்றார். "இல்ல நைனா, நல்லாத்தான் பாத்தாங்க. பாத்துட்டுத்தான் கேட்டாங்க" என்றாள் அவள். சிரித்துக்கொண்டே சொன்னாள். நான் தண்ணீர் எடுக்கப் போவதுபோல எழுந்து போனேன்.

வீட்டுக்காரருக்கு மாற்றலாகி நாங்கள் செஞ்சியை விட்டு வந்து சில வருஷங்கள் ஆகின்றன. யுத்தமும் முடிந்துவிட்டது. மகள் போர்டிங்கில் தங்கிப் படிக்கிறாள். வீட்டுக்கு யாராவது வந்து செஞ்சியைப் பற்றிப் பேசினால் அவள் இந்தக் கதையைத்தான் சொல்வாள். எல்லோரும் சிரிப்பார்கள். நானும் இப்போது சிரிக்கப் பழகிக்கொண்டேன். பெற்ற பிள்ளையின் முகம் அத்தனை அருகில் இருந்தும் எனக்கு ஏன் தெரியவில்லை என்று டாக்டரைக் கேட்டேன், மாதா கோயில் சாமியாரைக் கேட்டேன். இருவரும் களைப்பு என்றார்கள். களைப்பாகத்தான் இருக்கும். நான் செத்த பிள்ளையைத் தேடிப் போனேன், உயிருள்ள பிள்ளை எதிரே இருந்தாள், அதனால்தான் தெரியவில்லை என்று எனக்கே சில சமயம் தோன்றும். அப்படி நினைப்பதும் பயமாக இருக்கிறது.

லீவுக்கு அவள் வரும்போது பஸ் நிலையத்துக்குப் போய் நிற்கிறேன். ஒரே மாதிரி தாவணி கட்டிய பெண்கள் கும்பலாக இறங்குகிறார்கள். முன்பெல்லாம் தூரத்திலேயே பெயரைச் சொல்லிக் கூப்பிட்டுவிடுவேன். இப்போது கூப்பிடுவதில்லை. அந்தக் கும்பலில் யாராவது ஒருத்தி என்னை நோக்கி வந்து "அம்மா" என்று சொல்லும்வரை பேசாமல் நிற்கிறேன்.